பேபியக்கா வீட்டுக் கெபாசிட்டர்

“நீங்க இல்லாட்டி இந்த ஸ்டோர்ஸ்ல ஒரு வாசரக்கூட எடுக்க முடியாதுங்க அம்மணி. அப்புறம் உங்கள எப்படிங்க நான் வேற யூனிட்டுக்கு அனுப்பறது?”

எங்கள் மேனேஜர் இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை காலை. அவர் சொன்னது இரண்டு வாக்கியம். நான் முதல் வாக்கியத்தை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு, தொண்டாமுத்தூர் பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பிரித்துக் காட்டினேன்.

“நான் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காதாமா.”

அம்மா தேங்காய்க் களத்தில் வேலை முடித்து வந்து, தலையில் ஒட்டியிருந்த நாரை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நல்லாக் கறக்கற மாட்ட எவன் கண்ணு சந்தைக்கு ஓட்டுவான்? அங்கயே கட்டிப்போட்டுத் தீவனம் வெப்பான்.”

போன வாரம் இந்தப் பத்தியில் ஈரோட்டு விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் கோபித்துக்கொள்ள வேண்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் ஏற்கெனவே கோபித்து முடித்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன். பேபியக்கா ஒருவர்தான், “என்ற பேரையே போடு, பயமென்ன?” என்றார்.

தெருவைத் தூக்கி வந்தேன்

நான் வேலைக்குச் சேர்ந்தது கோவையில் கிணற்று மோட்டார், பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில். பம்புக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை எல்லாம் வாங்கி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் அறை அது. வரிசை வரிசையாக இரும்பு ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் டப்பாக்கள். எல்லா டப்பாவும் ஒரே நீல நிறம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். வரை போய்விட்டு வந்தவள். ஆனால் கல்லூரியில் யாரும் எனக்கு ஷாஃப்டையும் ஸ்லீவையும் காட்டியதில்லை. மூன்றாம் நாள், பாகங்களைப் பூட்டிப் பம்பாக்கும் அசெம்பிளியின் ஃபோர்மேன் சலீம் பாய் பேரிங் கேட்டார். நான் வேறு எதையோ எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்குதுங்க அம்மணி. இத ஊட்டுல ஊறுகா ஜாடிக்கு மூடியா வெச்சுக்கறேன். இப்பப் பேரிங் குடுங்க.”

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் யோசித்தேன். எனக்கு மறக்காதது எது? எங்கள் தெரு. கண்ணைக் கட்டி விட்டாலும் யார் வீடு எங்கே என்று சொல்லுவேன். எனவே தெருவைத் தூக்கிக் கொண்டுவந்து ஸ்டோர்ஸில் வைத்துவிட்டேன்.

கதவுப் பக்கம் பஸ் ஸ்டாப். அடுத்த ரேக் பால் சொசைட்டி. அப்புறம் வீடு வீடாக, மேல் தட்டில் மாமியார், கீழ் தட்டில் மருமகள். குச்சிபோல் நெட்டையாக நிற்கும் கருப்புசாமி மாமா வீட்டில் ஷாஃப்ட். நாள் முழுக்க ஊரைச் சுற்றும் ஈஸ்வரியக்கா வீட்டில் பேரிங். தெருக் கடைசியில் எங்கள் வீடு. ரொம்ப வேண்டிய சாமான் நம்மிடம் இருக்கட்டும் என்று, எல்லாப் பம்புக்கும் தேவைப்படும், தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் டப்பாக்களை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

பேபியக்காவுக்குக் கெபாசிட்டர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் தெரியாமல் கை வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஒரே வாரத்தில் நான் ராணி ஆகிவிட்டேன். பாய் கேட்டு முடிப்பதற்குள் சாமான் அவர் கையில் இருக்கும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ‘இருக்கும் இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாவற்றுக்கும் ‘ஸ்டோர்ஸ்’ என்று தட்டி வைத்தேன். பொய் இல்லையே.

யானை செய்த மாற்றம்

எங்கள் ஊர் மலையடிவாரம். யானை வருவது புதிதில்லை. ஒரு விடிகாலை வந்த யானை, கருப்புசாமி மாமாவின் வாழையைத் தின்றுவிட்டு, அவருக்கும் ஈஸ்வரியக்காவுக்கும் நடுவில் இருந்த வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. மாமா புது வேலி போட்டார். ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று ஈஸ்வரியக்கா சொன்னார். பேச்சு வளர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இதற்கும் கோவையில் பம்பு தயாராவதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? சம்பந்தத்தை நான் உண்டாக்கினேன்.

அடுத்த நாள் ஸ்டோர்ஸுக்குள் போனேன். ஷாஃப்டும் பேரிங்கும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன. எனக்கு என்னவோ போல் இருந்தது. அத்தனை வாய்ச்சண்டைக்குப் பிறகு இரண்டு பேரையும் ஒட்டி உட்கார வைக்க மனசு வரவில்லை. பேரிங் டப்பாக்களைத் தூக்கி எதிர் வரிசையில் வைத்துவிட்டேன்.

பேரிங் இல்லாமல் ஷாஃப்ட் சுற்றாது. இரண்டையும் சேர்த்தேதான் எப்போதும் கேட்பார்கள். அன்று முதல் எட்டு மாதம், ஒவ்வொரு முறையும் இரண்டு வரிசைக்கும் நடந்தேன். ஒரு நாள்கூட அது எனக்கு முட்டாள்தனமாகத் தோன்றவில்லை என்பதுதான் விசேஷம்.

பந்தியில் வந்த போன்

பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டேன். சேர்ந்த பிறகு நான் எடுத்த முதல் நீண்ட லீவு.

முகூர்த்தம் முடிந்து காலைப் பந்தி. இலையில் இட்லி விழுந்த நேரம் போன் அடித்தது. சலீம் பாய்.

“அம்மணி, கெபாசிட்டர் எங்கீங்க? காலைல இருந்து நாலு பேர் தேடறோம். லோடு லாரி வந்து நிக்குது.”

மேளச் சத்தம் காதைப் பிளந்தது. நான் கத்த வேண்டியதாயிற்று.

“பேபியக்கா ஊட்டுல பாருங்க பாய். கீழ் தட்டு. அவங்க பல்லுப் போன மாமியாருக்கு நேர் கீழ.”

மேளம் எப்போது நிற்கக் கூடாதோ அப்போது நின்றது. நான் நிமிர்ந்தேன். எதிர்ப் பந்தியில் பேபியக்கா. அவர் பக்கத்தில் மாமியார்.

“ஏ அம்மணி,” என்றார் பேபியக்கா, கையில் இருந்த இட்லியைக் கீழே வைத்துவிட்டு. “என்ற ஊட்டுல உங்க கம்பெனிச் சாமானா? எவன் எம்பட ஊட்டுக்குள்ள பூந்து தேடறான்?”

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னேன். சொல்லச் சொல்ல, சாப்பிட்டு எழுந்தவர்களும் கை கழுவாமல் வந்து நின்றார்கள்.

“கெபாசிட்டர்னா என்ன பண்ணும்?”

“மோட்டார் ஓட ஆரம்பிக்கறதுக்கு அதுதானுங்க்கா வேணும்.”

“அப்ப நல்ல சாமான்தான?”

“நல்ல சாமான்தானுங்க. கரண்ட்ட நிறுத்துன பொறவும் தொட்டா ஷாக்கடிக்கும்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமியார்தான் முதலில் சிரித்தார், பல் இல்லாமல். பேபியக்கா, “செரியாத்தான் வெச்சிருக்கற” என்று மறுபடியும் இட்லியை எடுத்தார்.

அதற்குப் பிறகு என்னைச் சாப்பிட விடவில்லை. ஆளாளுக்கு, “நான் என்ன சாமான்?” போல்ட்டுக்கு அடியில் போடும் வாசர் என்று தெரிந்ததும் என் சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. “இத்தனை வருசம் தூக்கி வளத்துனதுக்கு வாசராக்கும் நானு?” இடம் ஒதுக்காமல் விட்ட மேலத்தெருக்காரர்களுக்கு வாசரைவிட அதிகக் கோபம்.

இந்தக் கூத்தில் நான் மறந்துபோனது ஒன்று உண்டு. பாய்க்கு எங்கள் தெரு தெரியாது. அவர் அன்று மதியம்வரை பேபியக்கா வீட்டைக் கண்டுபிடிக்கவே இல்லை. அசெம்பிளி அரை நாள் நின்றது. லாரி பாதி லோடோடு போயிற்று.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டது அதனால்தான்.

அதே திங்கட்கிழமைதான் நானும் ஒரு விண்ணப்பத்தோடு போயிருந்தேன். பல்லடம் ரோட்டில் கம்பெனி புதிய யூனிட் கட்டியிருந்தது. அங்கே பிளானிங்கில் ஓர் இடம் காலி. எந்த நாளில் எந்தப் பம்பு, எத்தனை, யார் கையில் என்று முடிவெடுக்கும் மேசை. ஸ்டோர்ஸில் நான் மற்றவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுப்பவள். அங்கே போனால் கேட்பவள். அந்த மேசை எனக்கு வேண்டும் என்று ஆறு மாதமாக ஆசை. மாதக் கடைசிக்குள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

மேனேஜர் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியம், அம்மா மாட்டுக் கதை சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கட்டிய தெருவில் நானே மாட்டிக்கொண்டேன்.

பெரிய பரீட்சைக்காரி

கொஞ்சம் பழைய கதைக்குப் போய்விட்டு வருகிறேன்.

பள்ளியில் நான் இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவேன். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் கண்ணில் ஓர் எழுத்துகூடப் படாது. வீட்டுக்கு வந்தால் ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை, கரண்ட் ஆபீஸ் காகிதம் எல்லாம் என்னிடம் வரும். அப்பா கைகட்டி நிற்பார், நான் படித்துச் சொல்லுவேன். பத்து வயதில் அந்த ருசி எனக்குப் பிடித்துவிட்டது.

ஒருமுறை அம்மா கேட்டார். “அந்த பஸ் நம்பர மட்டும் படிக்கச் சொல்லிக் குடு கண்ணு.”

“நான்தான் இருக்கறனல்ல?” என்றேன்.

பாசமாகத்தான் சொன்னேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா மறுபடியும் கேட்கவில்லை. கண்டக்டர்களின் முகத்தை வைத்தே பஸ்ஸைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்.

ஸ்டோர்ஸில் நான் செய்ததும் இதே இடது கை வேலைதான். இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் நாள் மேனேஜரிடம் போனேன். “எனக்குப் பதிலா ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்துப்போட்டாப் போலாமுங்களா?”

“மூணு வாரம் எடுத்துக்கங்க. அப்புறம் ஒரு முழு நாள், நீங்க ஸ்டோர்ஸ் பக்கமே வரக் கூடாது. உங்க போன் எம்பட மேசைல இருக்கோணும். அன்னிக்கு அசெம்பிளி நிக்காம ஓடுச்சுன்னா நீங்க போலாம். நின்னுச்சுன்னா இந்தப் பேச்ச விட்டுப்போடோணும்.”

கோமதியக்கா

பேக்கிங்கில் இருந்து கோமதியக்காவை அனுப்பினார்கள். எட்டாவது வரை படித்தவர். அட்டைப்பெட்டி மடிக்கும் வேகத்தில் கேள்வி கேட்பவர்.

“இந்தப் பேரிங் ஏன் கண்ணு அந்தக் கோடியில இருக்குது? ஷாஃப்ட் இங்கல்ல இருக்குது?”

வேலி, யானை, ஒரு முழம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவங்க சண்டைக்கு நான் எதுக்குக் கண்ணு நடக்கோணும்?”

பேரிங்கை அவரே தூக்கி ஷாஃப்ட் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாள் என்னைக் கேட்காமலே மெக்கானிக்கல் சீலை எங்கள் வீட்டிலிருந்து காலி செய்து கதவருகே கொண்டுவந்துவிட்டார்.

“நாளைக்கு நாப்பது தடவை எடுக்கற சாமான யாராச்சும் கடைசியில வெப்பாங்களா?”

அந்த நாற்பது தடவையும் நான் நடந்தேன் என்று சொல்லவில்லை. கடைசி வீடு எங்கள் வீடு என்பதற்காக நடந்தேன் என்று சொல்லவே இல்லை.

இரண்டு பேரும் ஒவ்வொரு தட்டுக்கும் எண் போட்டோம். டப்பாவில் சீட்டு ஒட்டினோம். கம்ப்யூட்டரில் ‘ஸ்டோர்ஸ்’ என்று இருந்த கட்டங்களில் உண்மையான இடத்தைத் தட்டினோம். தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயிற்று. பேபியக்கா வீட்டுக்குச் சீட்டு ஒட்டும்போது மட்டும் கை ஒரு நிமிடம் நின்றது.

இப்போது ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மேல் தட்டில், பின்னால் தள்ளி, ஒரு டப்பா. பழைய மாடல் பம்பின் ஸ்லீவ், ஷாஃப்டின் மேல் மாட்டும் உறை. எப்போதாவது ஒருவர் கேட்பார். அதற்கு மட்டும் நான் சீட்டு ஒட்டவில்லை, கம்ப்யூட்டரில் ‘ஸ்டோர்ஸ்’ என்பதையும் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புகிற இடம்.

புதிய மேசைக்கும் போக வேண்டும், பழைய அறையிலிருந்து ஒரு போனாவது வரவும் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கேன்டீனில் ஒரு நாள்

சோதனை நாள் வந்தது. போனை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுக் கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அசெம்பிளி. போல்ட் முடுக்கும் ஏர் கன் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. சத்தம் கேட்டால் வேலை ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்பது மணி, பத்து மணி, சத்தம் நிற்கவில்லை. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மூன்றாவது டீ குடித்தேன்.

பதினொரு மணிக்கு சலீம் பாய் வந்தார். பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

“எல்லாம் கிடைக்குதுங்க அம்மணி. உங்களவிட வேகம்.”

“சந்தோசமுங்க பாய்.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்களே.” டீ ஒன்று வாங்கிக்கொண்டார். “ஒரே ஒரு வில்லங்கம். ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு விவசாயி நேரா வந்து நிக்கறாரு. பழைய மாடல். ஸ்லீவ் தேஞ்சு தண்ணி ஏறலையாமா, தக்காளி வாடுதாமா. கம்ப்யூட்டர்ல தேடுனேன், அந்த ஸ்லீவுக்கு ‘ஸ்டோர்ஸ்’னு மட்டுந்தான் காட்டுது, தட்டு எண்ணே இல்லீங்க. இப்பத்தான் கோமதிகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்.”

அந்த டப்பாதான்.

முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன். பார்த்தீர்களா, நான் இல்லாமல் முடியாது. அடுத்த நொடியே மீதி எல்லாம் வரிசையாக வந்தது. நான் போய் எடுத்துக் கொடுத்தால், ‘அம்மணி இல்லாம ஓடலையே’ என்று மேனேஜர் சொல்லுவார். பிளானிங் மேசை போயிற்று. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் மட்டும் வெறுங்கையோடு பஸ் ஏறுவார்.

பாய் டீயை ஊதி ஊதிக் குடித்தார். எங்கள் வீட்டில் ஒரு கோடையில் மோட்டார் நின்று போய், கீரைப் பாத்தி காய்ந்தபோது அப்பா வரப்பிலேயே உட்கார்ந்திருந்த இரண்டு நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

எழுந்தேன். மேசை போனால் போகட்டும் என்று பெரிய தியாகி மாதிரி நடந்தேன். ஸ்டோர்ஸ் கதவைத் தள்ளினேன்.

உள்ளே கோமதியக்கா அந்த விவசாயியிடம் ஸ்லீவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். “போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. செரியா உக்காருலீன்னா கொண்டு வாங்க.” பக்கத்தில் மேனேஜர்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க இங்க என்னங்க பண்றீங்க?”

“தண்ணி குடிக்க வந்தேனுங்க.”

பின்னாலேயே வந்துவிட்ட சலீம் பாய், “கேன்டீன்ல தண்ணி இல்லீங்களா அம்மணி?” என்றார் மரியாதையாக.

மாலை வரை அசெம்பிளி நிற்கவில்லை. எல்லோரும் போன பிறகு கோமதியக்காவிடம் போனேன். அந்த மேல் தட்டில், பின்னால் தள்ளி இருந்த டப்பாவில், அவருடைய கோணல் எழுத்தில் ஒரு சீட்டு.

“போன வாரமே ஒட்டிப்போட்டேன் கண்ணு. கம்ப்யூட்டர்ல ஏத்தத்தான் நேரமில்ல. ஒண்ணே ஒண்ணு சீட்டில்லாம கெடந்துச்சு.”

“மறந்துட்டேனுங்க்கா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரேக் விளக்கை அணைத்தார்.

“ஆமா,” என்றார். “மறந்துட்ட.”



இப்போது

அடுத்த மாதம் முதல் தேதி பல்லடம் ரோட்டு யூனிட்டில் சேர்ந்தேன். முதல் வாரம் பழைய அறையிலிருந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒருமுறை வந்தது. நான் விட்டுவிட்டு வந்த குடை இன்னும் அங்கேயே இருக்கிறதாம், வேண்டுமா என்று கேட்டார் கோமதியக்கா.

பழக்கம் அத்தனை லேசில் போகிற சாதி இல்லை. இரண்டாவது வாரம், சுவரில் மாட்டியிருக்கும் பிளானிங் பலகையை நின்று பார்த்தேன். சிவப்புப் புள்ளி, பாதி வட்டம், கோழிக்கால் மாதிரி ஒரு குறி. எல்லாம் என் கை வேலை. யாருக்கும் அர்த்தம் தெரியாது. ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “மேடத்தக் கேட்டுக்கலாம்” என்று போனார். எனக்கு இனித்தது. அந்த இனிப்பு எனக்குத் தெரிந்த இனிப்பு.

அன்று மதியமே பலகையைத் துடைத்து முழு வார்த்தைகளில் எழுதினேன். கையோடு என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்ற இடத்தில், ‘என் வேலையைக் கற்றுக்கொள்ள வருபவருக்கு’ என்று போட்டேன்.

நாற்காலி நேற்று வந்தது. இன்று காலை அதில் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். மதியத்துக்குள் என் பலகையில் இரண்டு தப்புக் கண்டுபிடித்தாள். இரண்டும் தப்புத்தான். திருத்தச் சொல்லி மார்க்கரை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.